மிக உறுதி, மிக ஆபத்து

வாளியை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் சொட்டு அதற்கு ஒரு சாண் தள்ளியே விழுந்தது. தெய்வசிகாமணி குந்தி உட்கார்ந்து, கூரையையும் தரையையும் மாறி மாறிப் பார்த்துக் கணக்குப் போட்டு, மூன்றாவது முறையாக வாளியை நகர்த்தினார். சொட்டு நேராக வந்து சண்முகப்பிரியாவின் புத்தகத்தில், 'ஆறுகளும் அணைகளும்' என்ற பாடத்தின் மேல் விழுந்தது.

"சார், மேஜையை வேணா நகத்திக்கட்டுமா?" என்றாள் அவள்.

"எங்க நகத்துவ? அந்தப் பக்கம் லைட் இல்ல. இந்தப் பக்கம் ஃபேன் இல்ல."

நெய்வேலி டவுன்ஷிப்பின் ஓரத்தில், பாதி குவார்ட்டர்ஸ் காலியாகிவிட்ட ஒரு பழைய பிளாக்கில் இருந்தது அந்தப் படிப்பகம். ஒரே அறை, ஓட்டுக்கூரை, முன்னால் சின்ன வராந்தா. டவுன்ஷிப் உருவான காலத்தில் கட்டியது. தெய்வசிகாமணி அதன் செயலாளர். மைன்ஸில் கன்வேயர் பிரிவில் பெர்மனென்ட், வயது ஐம்பத்தேழு. ஆறு வருடத்துக்கு முன் நடந்த கூட்டத்தில் செயலாளராக யார் இருக்கிறீர்கள் என்று கேட்டபோது எல்லாரும் செருப்பைத் தேடிப் போய்விட்டார்கள். செருப்பு சீக்கிரம் கிடைக்காதவர் இவர் ஒருவர்தான்.

ஆனால் அங்கே படிக்க வரும் பதினொரு பேர் மேல் அவருக்கு உயிர். எல்லாரும் மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளர்களின் பிள்ளைகள். வீட்டில் ஒரே அறை. அப்பா நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பகலெல்லாம் அந்த அறையில் தூங்குவார். பிள்ளை வாய்விட்டுப் படித்தால் அவர் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் அடுத்த ஷிஃப்டில் மெஷின் பக்கத்தில் கண் அசரும். அதனால் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு படிப்பகத்துக்கு வந்துவிடுவார்கள். குரூப் ஃபோர் பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. அதுவரைக்கும் இந்தக் கூரை நிற்க வேண்டும் என்பது மட்டுமே தெய்வசிகாமணியின் ஆசை.

கூரைக்கு ஒரு வழி பண்ண அவர் ஏறாத படி இல்லை. டவுன்ஷிப் ஆபீஸில் விசாரித்தார். இந்தக் கட்டடம் 'பழையவை' பட்டியலில் இருப்பதால் பராமரிப்பு நிதி கிடையாது என்றார்கள். சரி, கம்பெனிகள் ஊருக்கு நல்லது செய்ய ஒதுக்கும் நிதி இருக்கிறதே என்று ஒரு கம்பெனியில் கேட்டார். அது சுற்று வட்டாரக் கிராமங்களுக்கு மட்டும், டவுன்ஷிப்புக்குள் வராது என்றார்கள். சுற்று வட்டாரக் கிராமத்து ஆட்களிடம் கேட்டார். "நீங்க உள்ள இருக்கறவங்க, உங்களுக்கு என்னங்க கொறச்சல்?" என்று சிரித்தார்கள். உள்ளே இருப்பதால் வெளிப்பணம் இல்லை, பழசாக இருப்பதால் உள்பணம் இல்லை. கடைசியில் உறுப்பினர்கள் சேர்ந்து ஒரு தார்ப்பாயை வாங்கி ஓட்டின் மேல் கட்டினார்கள். அதற்குப் பிறகு ஒரே ஓர் இடத்தில்தான் சொட்டியது. அதோடு அவர் விட்டிருக்கலாம்.

விடாததற்குக் காரணம் அவருடைய மச்சான் பிரவின்குமார்.

பிரவின்குமார் மந்தாரக்குப்பத்தில் ஆன்லைன் சென்டர் வைத்திருக்கிறான். ரேஷன் கார்டு, பட்டா, பரீட்சை விண்ணப்பம் எல்லாம் அங்கேதான். உலகத்தில் எந்தப் பிரச்சினைக்கும் எங்கேயோ ஒரு படிவம் இருக்கிறது, அதைச் சரியாக நிரப்பாததால்தான் மனிதர்கள் கஷ்டப்படுகிறார்கள் என்பது அவன் நம்பிக்கை. அக்கா மலர்கொடி வீட்டுக்குச் சாப்பிட வந்தவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கப் பணம் கொடுக்கும் அறக்கட்டளைகள் சென்னையில் இருப்பதாகச் சொன்னான். பாரம்பரிய நிதியாம்.

"நம்ம படிப்பகம் பாரம்பரியமாடா?" என்று தெய்வசிகாமணி சந்தேகப்பட்டார்.

"அறுவது வருஷம் தாண்டினா பாரம்பரியம் மாமா. நீங்க கூட கிட்ட வந்துட்டீங்க."

மறுநாள் சென்டரில் உட்கார்ந்து படிவத்தைத் திறந்தார்கள். படிப்பகம் என்று போட்டால் எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான் என்று சொல்லி, 'நெய்வேலி பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு மற்றும் சமூக மேம்பாட்டு மையம்' என்று பிரவின்குமார் அடித்தான். அது எங்கே இருக்கிறது என்று தெய்வசிகாமணி கேட்டார். "நீங்கதான் மாமா அது" என்றான். அறக்கட்டளை இணையப் பக்கம் கேட்டதால் அதே பெயரில் ஃபேஸ்புக்கில் ஒரு பக்கமும் திறந்து, போன பொங்கலுக்கு வெள்ளைச் சட்டையில் எடுத்த படத்தை மேலே ஒட்டி, கீழே 'நிறுவனர்' என்று எழுதினான். தெய்வசிகாமணி அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கே ஒரு மரியாதை வந்தது.

கட்டடத்தின் நிலை என்ற கேள்விக்கு 'மிக உறுதி' என்று போட்டார்கள். உறுதியில்லாத கட்டடத்தை எப்படிப் பாதுகாப்பது? அடுத்து, பழைய தோற்றம் மாறாத புகைப்படங்கள் வேண்டுமாம். தார்ப்பாய் போட்ட பாரம்பரியத்தை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா என்று பிரவின்குமார் கேட்டான். பார்த்ததில்லைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுவரில் இருந்த பச்சை டிஸ்டெம்பரைச் சுரண்டினார்கள், தார்ப்பாயை இறக்கினார்கள். இறக்கும்போது அது நடுவில் கிழிந்து இரண்டு ஓடுகளையும் கூட்டிக்கொண்டு வந்தது. புகைப்படம் மட்டும் அபாரமாக வந்தது.

மூன்றாம் நாள் கோடை மழை. இப்போது ஏழு இடத்தில் சொட்டியது. மலர்கொடி வீட்டு வாளிகள், அண்டா, இட்லிப் பானை வரை படிப்பகத்துக்குப் போய்விட்டன.

அறக்கட்டளையிலிருந்து பதில் இல்லை. பிரவின்குமார் அசரவில்லை. இன்னொரு நிதி இருந்தது. பாழடைந்த சமுதாயக் கட்டடங்களை இடித்துப் புதிதாகக் கட்டித் தருவார்கள். அதற்கு ஒரே நிபந்தனை, கட்டடம் விழுகிற நிலையில் இருக்க வேண்டும். அவன் யோசிக்காமல் 'மிக ஆபத்து' என்று போட்டான்.

"போன வாரந்தானேடா மிக உறுதின்னு போட்ட?"

"அது வேற ஃபண்டு மாமா."

நம் ஊரில் மனு என்று ஒன்று எழுதினால், கீழே 'நகல்' என்று ஒரு பட்டியல் போடாமல் யாருக்கும் கை நிற்காது. யாருக்கு அனுப்புகிறோமோ அவர் கவனிக்காவிட்டாலும் நகல் வாங்கியவர் கவனிப்பார் என்று ஒரு நம்பிக்கை. பிரவின்குமார் ஏழு நகல் போட்டான். யாருக்கு அனுப்பினானோ அவர் கவனிக்கவில்லை. நகல் வாங்கியவர்களில் ஒருவர் கவனித்துவிட்டார். அது டவுன்ஷிப் ஆபீஸ்.

வரும் திங்கட்கிழமை காலை படிப்பகத்தைப் பூட்டிச் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. செயலாளரே ஆபத்து என்று எழுதியிருப்பதால், பொதுமக்கள் பாதுகாப்பை முன்னிட்டு.

தெய்வசிகாமணி ஜெனரல் ஷிஃப்டுக்கு லீவு போட்டுவிட்டு ஓடினார். கட்டடப் பிரிவில் இன்ஜினியர் சங்கீதா நல்ல பெண். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அவர் கையெழுத்தையே அவரிடம் காட்டினாள். அவர் பதறிப்போய் பையிலிருந்து முதல் விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். ஒன்றில் மிக உறுதி, இன்னொன்றில் மிக ஆபத்து. இரண்டிலும் அதே கையெழுத்து, அதே கட்டடம், பத்து நாள் இடைவெளி.

"எது சார் நிஜம்?"

"ரெண்டும் நிஜந்தான் மேடம். ஃபண்டைப் பொறுத்தது."

சங்கீதா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். நாளைக்கு ஏதாவது ஆனால் தன்னைத்தான் கேட்பார்கள் என்றாள். ஆனாலும், நிதி தருகிற யாராவது நேரில் வந்து பார்த்து, பழுது பார்க்கிறோம் என்று ஒரு கடிதம் கொடுத்துவிட்டால் பூட்ட வேண்டிய அவசியம் இருக்காது என்றும் சொன்னாள். திங்கட்கிழமைக்குள்.

அவர் படிப்பகத்துக்கு வந்தபோது பிள்ளைகளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. சண்முகப்பிரியா, "அப்ப திங்கக்கெழமைல இருந்து நாங்க எங்க சார் படிக்கறது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் புத்தகத்தில் குனிந்துகொண்டாள். ஒரு சொட்டுக்கு வாளி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்த பிள்ளைகளை நாமே தெருவில் விட்டுவிட்டோமே என்று தெய்வசிகாமணி தன்னையே நொந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வந்தது.

"வணக்கங்க. திருவதிகைலருந்து நெடுமாறன் பேசறேன். ரிடையர்டு ஹெட்மாஸ்டர். உங்க மையத்தப் பத்தி நெட்டுல பார்த்தோம். பழைய கட்டடம் விஷயமா நேர்ல வந்து பேசணுங்க. ஞாயித்துக்கெழமை பதினோரு மணிக்கு வரலாங்களா?"

தெய்வசிகாமணி போனை வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். வாருங்கள், வாருங்கள் என்பதைத் தவிர அவர் வாயில் வேறு எதுவும் வரவில்லை.

சென்னை அறக்கட்டளைக்குத் திருவதிகையில் என்ன வேலை என்று மலர்கொடி கேட்டாள். பிரவின்குமாரிடம் அதற்கும் பதில் இருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து ஒவ்வொரு கட்டடத்தையும் பார்க்க வர முடியுமா? பக்கத்தில் இருக்கும் பழைய ஊரில் நாலு பெரியவர்களை வைத்துக் கமிட்டி போட்டிருப்பார்கள். ஹெட்மாஸ்டர் என்றால் சரியாக மார்க் போடுவார்.

"எந்த ஃபண்டுன்னு கேட்டீங்களா மாமா? உறுதி ஃபண்டா, ஆபத்து ஃபண்டா?"

கேட்கவில்லை. இப்போது போன் போட்டுக் கேட்டால் இரண்டு இடத்தில் விண்ணப்பித்த குட்டு உடைந்துவிடும். இரவுச் சாப்பாடு ஆறும்வரை மூன்று பேரும் யோசித்தார்கள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இடது பக்கச் சுவரைக் காட்டும்போது உறுதி. வலது பக்கச் சுவரைக் காட்டும்போது ஆபத்து. வந்தவர் முகம் எந்தப் பக்கம் மலர்கிறதோ அந்தப் பக்கமே நின்றுகொள்வது.

ஞாயிறு பதினோரு மணிக்கு ஒரு பழைய ஜீப் வந்து நின்றது. வெள்ளை வேட்டியில் ஒல்லியாக இறங்கினார் நெடுமாறன், கையில் தடித்த ஃபைல். டிரைவர் சீட்டிலிருந்து நரைத்த மீசைக்காரர் ஒருவர் இறங்கிக் கதவோரமாக நின்றார். தெய்வசிகாமணி தயாராக வைத்திருந்த சால்வையை விரித்துக்கொண்டு முன்னால் போனார். அதற்குள் நெடுமாறன் தன் பையிலிருந்து ஒரு சால்வையை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டார். இவரும் விடாமல் அவருக்குப் போர்த்தினார். மே மாத வெயிலில் இரண்டு பேரும் சால்வையோடு வியர்த்து நின்றார்கள்.

சோதிக்க வந்த ஆபீசர் சால்வை போட்டுத் தெய்வசிகாமணி பார்த்ததில்லை. பெரிய இடத்து ஆட்கள் இப்போது இப்படித்தான் எளிமையாக இருக்கிறார்கள் என்று பிரவின்குமார் காதில் சொன்னான்.

அடுத்து டிரைவர் ஜீப்பின் பின்னாலிருந்து ஒரு பெரிய பலாப்பழத்தைத் தூக்கி வந்து வராந்தாவில் வைத்தார். பண்ருட்டிப் பழம், வாசனை தெருமுனை வரைக்கும் போனது. தெய்வசிகாமணி குழம்பிப்போனார். பிரவின்குமார் கொஞ்சம் வெளுத்துப்போய், இது நேர்மைக்கு வைக்கிற பரீட்சையாக இருக்கும், தொட்டால் போச்சு என்றான்.

"மன்னிக்கணுங்க. நாங்க எதுவும் வாங்கறதில்லை" என்றார் தெய்வசிகாமணி, கையைக் கட்டிக்கொண்டு.

நெடுமாறன் முகம் விழுந்துவிட்டது. தப்பாக எதுவும் நினைத்துக் கொண்டுவரவில்லை, தோட்டத்தில் பழுத்தது என்று இரண்டு முறை சொன்னார். டிரைவர் பழத்தைத் திரும்ப ஜீப்பில் ஏற்றினார். உள்ளே போனதும் இருந்த ஒரே கை வைத்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள், நீங்கள்தான் உட்கார வேண்டும் என்று அரை நிமிடம் போராட்டம் நடந்தது. கடைசியில் அதில் யாரும் உட்காரவில்லை. மலர்கொடி சுட்டு அனுப்பிய மெதுவடையில் நெடுமாறன் ஒன்றுக்கு மேல் எடுக்கவில்லை; உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று கூசினார்.

தெய்வசிகாமணி இடது பக்கச் சுவருக்கு அழைத்துப் போனார். கல்லு மாதிரி சுவர், இன்னும் நூறு வருஷம் நிற்கும் என்றார். "ஆமாங்க, என்னா உறுதி" என்று நெடுமாறன் வியந்தார். வலது பக்கச் சுவருக்குப் போனார்கள். தீபாவளி தாங்காது என்றார். "ஆமாங்க, ரொம்ப ஆபத்து" என்று நெடுமாறன் உச்சுக்கொட்டினார். முப்பத்திரண்டு வருட சர்வீஸில் தான் சொன்னதை உடனே ஒத்துக்கொண்ட ஒரு ஆபீசரைக்கூட தெய்வசிகாமணி பார்த்ததில்லை. இவர் இரண்டு சுவரிலும் ஒத்துக்கொள்கிறார். எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தெய்வசிகாமணி அறையின் நடுவில் வந்து நின்றார். அங்கே, ராத்திரி பெய்த மழையின் மிச்சம் தலையில் சொட்டியது.

நெடுமாறன் சொட்டையும் வாளிகளையும் பார்த்தார். "இவ்ளோ பெரிய மையத்த நடத்திக்கினு, நீங்க இருக்கற எடத்த இப்பிடி எளிமையா வச்சிருக்கீங்களே. எங்களுக்குக் கண்ணு கலங்குதுங்க" என்றார். பிறகு தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். தன் ஊரிலும் குளத்தங்கரையில் ஒரு பழைய மண்டபம் இருக்கிறதாம். நாலு தலைமுறைக்கு முந்தியதாம்.

பிரவின்குமார் பின்னாலிருந்து தெய்வசிகாமணியின் சட்டையை இழுத்தான். "போட்டிக்கு இன்னொரு கட்டடம் இருக்கு மாமா. ஒப்பிட்டுப் பாக்கறாங்க. விட்டுடாதீங்க."

அதன் பிறகு நடந்ததை ஒரு மாதிரி ஏலம் என்றுதான் சொல்ல வேண்டும். தங்கள் மண்டபத்தில் ஒரு தூண் சாய்ந்துவிட்டது என்றார் நெடுமாறன். இங்கே தூணே கிடையாது, நாலு சுவரும் ஒன்றையொன்று நம்பித்தான் நிற்கிறது என்றார் தெய்வசிகாமணி. அங்கே ஆலமரம் முளைத்துக் கல்லைப் பிளக்கிறது என்றார் அவர். இங்கே மரத்துக்கு வேர் விடக்கூட உறுதி போதாது என்றார் இவர். இடது பக்கச் சுவரைத் தெய்வசிகாமணி அதற்குள் அடியோடு மறந்துவிட்டார்.

"அந்த மண்டபத்துலதாங்க நாப்பது பொம்பளைங்க உக்காந்து பூக்கட்டிப் பொழைக்கறாங்க" என்றார் நெடுமாறன் மெதுவாக. "மழைக்காலம் வந்தா எங்க போவாங்கன்னு தெரியல."

தெய்வசிகாமணியால் அதற்கு மேல் சாமர்த்தியம் பேச முடியவில்லை. சண்முகப்பிரியாவைக் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். தார்ப்பாயை இறக்கியது, சுவரைச் சுரண்டியது, உறுதி, ஆபத்து எல்லாவற்றையும் விட்டுவிட்டார். "நாளைக்குக் காலையில இத பூட்டப் போறாங்க சார். இந்தப் புள்ளைங்களுக்கு வீட்டுல உக்கார எடமில்ல. உங்க கையிலதான் இருக்கு. நீங்க ஒரு லெட்டர் குடுத்தாப் போதும்."

நெடுமாறன் விழித்தார். "நானுங்களா? உங்க கையிலதானுங்க இருக்குது" என்றார்.

தெய்வசிகாமணி தன் ஃபைலை இரண்டு கையாலும் எடுத்து அவர் முன் நீட்டினார். அதே நேரத்தில் நெடுமாறனும் தன் ஃபைலை இரண்டு கையாலும் இவர் முன் நீட்டினார். வாங்க யாருக்கும் கை இல்லை. பிரவின்குமாருக்குத் தெரிந்த எந்தப் படிவத்திலும் இந்தக் கட்டம் இல்லை.

அப்போது வாசலில் நின்ற டிரைவர் தனகோட்டி, செருப்பைக் கழற்றிவிட்டுப் பணிவாக உள்ளே தலையை நீட்டினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார், எங்க மண்டபத்துக்கு நீங்க எவ்ளோ குடுக்கறீங்கன்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா நாங்க கெளம்பிடுவோம், நெய்வேலிக்காரங்க பணம் தரப்போறாங்கன்னு ஊரே காத்துக்கினு இருக்குது."